ரிமோட்டைக் கழட்டிய பிள்ளைக்கு என்ன வாங்கித் தருவது?

போன மாசம் அக்கா போன் பண்ணினாள். "உன் மருமக டிவி ரிமோட்டைக் கழட்டிப் போட்டுட்டாடா. திரும்ப மாட்டத் தெரியல. பொறந்தநாள் வேற வருது. இந்த எலக்ட்ரானிக்ஸ் கிட்டுன்னு விக்கிறாங்களே, நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லு. ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள."

அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்தேன். மூணு வாரம் ஆகிவிட்டது. அந்த மூணு வாரத்தில் எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

தாமதத்துக்குக் காரணம் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி. ஒன்பது வயசு. போனை அம்மாவிடமிருந்து பிடுங்கி, "மாமா, பட்டன் எல்லாம் ரப்பரா இருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாதுன்னு டீச்சர் சொன்னாங்களே, அப்புறம் எப்படி சேனல் மாறுது?" என்றாள். நல்ல கேள்வி. ரிமோட்டின் ஒவ்வொரு ரப்பர் பட்டனுக்கு அடியிலும் கறுப்பாக ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது கார்பன் கலந்தது, மின்சாரம் கடத்தும். கீழே போர்டில் சீப்புப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஆனால் தொடாமல் நிற்கும் இரண்டு தடங்கள். பட்டனை அமுக்கினால் கறுப்பு வட்டம் இரண்டையும் இணைத்துவிடும். அவ்வளவுதான் சுவிட்ச்.

பதிலைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இதை அவளே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு பொருள் கடையில் இருக்கிறதா என்று பார்ப்போமே என்று தோன்றியது. அதற்கப்புறம் எந்தக் கிட்டைப் பார்த்தாலும் எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல்: பெட்டியில் எழுதியிருக்கும் 100 செய்முறைகளை விடுங்கள், பெட்டியில் இல்லாத ஒரு கேள்வியை இதை வைத்துக் கேட்க முடியுமா?

இதில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு. மூணு வருஷம் முன்னால் நண்பர் மகனுக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். நூத்துச் சொச்சம் செய்முறைகள். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம்: பாட்டுப் பாடும் ஒரு ஐசி. சுவிட்சைப் போட்டால் பாடும், காந்தம் காட்டினால் பாடும், கை தட்டினால் பாடும், வெளிச்சம் பட்டால் பாடும். பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பார்த்து அப்படியே அடுக்கினான், எல்லாமே முதல் தடவையிலேயே வேலை செய்தது. மூணாவது வாரம் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. தப்பாகப் போகவே வழியில்லாத விளையாட்டில் யாருக்குத்தான் ஆர்வம் வரும்?

அதற்காக அந்த வகைக் கிட்டே மோசம் என்று சொல்லவில்லை. எலென்கோ நிறுவனத்தின் ஸ்நாப் சர்க்யூட்ஸ்தான் இதில் பேர்போனது. சட்டைப் பிரஸ் பட்டன் மாதிரி டக் டக்கென்று மாட்டலாம். பெரிய பலம், இணைப்பு லூசாகாது. சின்னப் பிள்ளைகள் சலித்துப்போக முக்கியக் காரணமே லூஸ் கனெக்‌ஷன்தான். யோசனையும் புதுசு இல்லை. 1960களிலேயே ஜெர்மனியில் பிரவுன் கம்பெனி 'லெக்ட்ரான்' என்று டோமினோ வில்லைகள் போல ஒட்டிக்கொள்ளும் காந்தக் கட்டைகளை விற்றது. ஒவ்வொரு கட்டையின் மேலும் அந்த உதிரியின் குறியீடு இருக்கும், கட்டைகளை அடுக்கி முடித்தால் அதுவே சர்க்யூட் படம். அழகு. என் குறை எல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஐசி கட்டைகள் மேல்தான். வாங்குவதானால் பாட்டுப் பாடும் கட்டை குறைவாகவும், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் தனித்தனியாகவும் இருக்கிற பெட்டியாகப் பாருங்கள்.

எலுமிச்சை பேட்டரி கிட்டும் நிறைய விற்கிறது. அட்டையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் பல்பையே எரிய வைப்பது போலப் படம் வேறு. செம்பும் துத்தநாகமும் செருகிய ஒரு பழத்தில் கிடைப்பது 1 வோல்ட்டுக்கும் கொஞ்சம் கம்மி. சிவப்பு எல்இடி எரியவே கிட்டத்தட்ட 1.8 வோல்ட் வேண்டும். மூணு நாலு பழத்தைத் தொடராக இணைத்தால் மங்கலாக மினுக்கும், இருட்டறையில்தான் தெரியும். கிட்டோடு வரும் குட்டி டிஜிட்டல் கடிகாரம் மட்டும் இரண்டு பழத்தில் ஓடிவிடும், ஏனென்றால் அது குடிக்கிற மின்னோட்டம் ரொம்ப ரொம்பக் குறைவு. அப்புறம், சக்தி எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. கரைந்து போகிற துத்தநாகத்திலிருந்து வருகிறது. இதை அட்டையில் எழுதினால் விற்பனை குறையுமோ என்னமோ.

மைக்ரோபிட், ஆர்டுயினோ பற்றி நண்பர்கள் இருவர் சொன்னார்கள். ஆர்டுயினோ 2005ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் டிசைன் மாணவர்களுக்காகப் பிறந்தது. மைக்ரோபிட், 2016ல் பிபிசி முன்னின்று பிரிட்டனில் சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த அட்டை. இரண்டும் நல்லவைதான். ஆனால் முதல் பொருளாக வேண்டாம் என்பது என் கட்சி. எல்இடி எரியவில்லை என்றால் தப்பு ஒயரிலா, எல்இடியைத் திருப்பி மாட்டியதிலா, புரோகிராமிலா, யுஎஸ்பி கேபிளிலா? பழகின ஆளுக்கே அரை மணி நேரம் போகும். ஒன்பது வயசுக்கு இது தண்டனை. பதினொன்று, பன்னிரண்டு வயசில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நான் அதிக நேரம் செலவழித்த விஷயம். அக்கா வீட்டில் சின்னவன் ஒருத்தன் இருக்கிறான், ஒன்றரை வயசு, கண்டதையும் வாயில் போடுகிற பருவம். அத்தான் பயந்தது "ஷாக் அடிச்சிடுமே" என்று. நாலு டபுள் ஏ பேட்டரியில் ஷாக் அடிக்காது. நான் பயந்தது காசு சைஸில் இருக்கும் பட்டன் பேட்டரிக்கு.

மலிவான கிட்டுகளில் இது அதிகமாக வரக் காரணம் இருக்கிறது. எல்இடியை நேராக 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் கருகிவிடும், நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 3 வோல்ட் பட்டன் பேட்டரியின் உள் தடை அதிகம், அதனால் பெரிய மின்னோட்டம் கொடுக்க அதனால் முடியாது. எல்இடியின் இரண்டு காலுக்கு நடுவே பேட்டரியைச் செருகினால் போதும், எரியும். ரெசிஸ்டர் செலவு மிச்சம். ஆனால் அதையே ஒரு குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகி, சதையை அரிக்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான காயம் ஆகிவிடலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள சிஆர் 2032 வகைதான் ரொம்ப மோசம், சரியாகச் சிக்குகிற அளவு. விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய செத்த பேட்டரிதானே என்று இருக்கக்கூடாது, அதிலும் மிச்சம் இருக்கும்.

ஆகவே வீட்டில் ஐந்து வயசுக்குக் கீழே யாராவது இருந்தால் பட்டன் பேட்டரி கிட் வேண்டவே வேண்டாம். மற்ற எந்தப் பொம்மையானாலும் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 14 வயசுக்குக் கீழானவர்களுக்கான பொம்மைகளுக்கு நம் நாட்டில் 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மை என்றால் அருகில் ஐஎஸ் 15644 என்ற எண் இருக்க வேண்டும். இன்னொன்று, ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். பிள்ளைகள் கட்டாயம் ஷார்ட் பண்ணுவார்கள், ரீசார்ஜ் பேட்டரி அப்போது பெரிய மின்னோட்டத்தைக் கொட்டி ஒயரைச் சூடாக்கிவிடும். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா கார்பன் ஜிங்க் பேட்டரிதான் இதற்கு லாயக்கு. மட்டமான சரக்கு என்பதே இங்கே நல்ல குணம்.

சரி, என்ன வாங்கினேன்? கிட் எதுவும் வாங்கவில்லை. மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனேன். நாலு டபுள் ஏ போடுகிற ஹோல்டர், முதலைக் கிளிப் ஒயர் பத்து, டார்ச் பல்பு, கலர் கலராக எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒரு குட்டி மோட்டார், காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி, பிசி 547 டிரான்சிஸ்டர் அஞ்சு. கடைக்காரர் "என்ன ப்ராஜெக்ட் சார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அக்கா சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பளபளப்பு அட்டை இல்லை என்று பிள்ளைக்கு முதலில் முகம் வாடியது உண்மைதான்.

முதலில் பேட்டரி, ரெசிஸ்டர், எல்இடி, இரண்டு ஒயர் முனைகள். முனைகளுக்கு நடுவே எதை வைத்தால் எரிகிறது? ஸ்பூன் எரிந்தது, சீப்பு எரியவில்லை. பென்சில் முனை எரிந்தது, அதுவே அவளுக்கு அதிசயம். எல்இடிக்குப் பதில் டார்ச் பல்பு மாட்டினால் பென்சிலில் எரியவில்லை, ஏன் என்று ஒரு சண்டை. பத்து நிமிஷம் கழித்து உள்ளே ஓடிப்போய் ரிமோட்டின் ரப்பர் பட்டையை எடுத்து வந்தாள். ரப்பர்: இல்லை. கறுப்பு வட்டம்: எரிந்தது. அவள் கத்திய கத்தலில் சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

அடுத்து மோட்டார். அரவிந்த் குப்தா பல வருஷமாகப் பள்ளிகளில் செய்து காட்டிப் பிரபலமாக்கியது: ஒரு பேட்டரி, இரண்டு சேஃப்டி பின், ஒரு ரப்பர் பேண்ட், ஒரு காந்தம், கம்பிச் சுருள். சூட்சுமம் சுருளின் இரு முனைகளைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மற்றதில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை விசை எதிர்ப்பக்கம் மாறி, சுருள் ஊஞ்சல் மாதிரி ஆடுமே தவிரச் சுற்றாது. பாதி சுரண்டினால் அந்த எதிர்ப்பாதியில் மின்சாரம் நின்றுவிடும், சுருள் வேகத்திலேயே அதைக் கடந்து போகும். இதை நான் முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டு சுருள் வீணாயிற்று. மூணாவது சுற்றியது.

இதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் மாவு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்மேரி தாமஸ் என்ற பேராசிரியை பரப்பிய முறை. உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்த மைதா மின்சாரம் கடத்தும், சர்க்கரையும் வாலைவடிநீரும் சேர்த்துப் பிசைந்தது அநேகமாகக் கடத்தாது. இரண்டு உப்பு உருண்டைகளில் எல்இடியின் கால்களைச் செருகினால் எரியும். உருண்டைகள் ஒட்டிக்கொண்டால் அணைந்துவிடும். ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கடைசியாக டிரான்சிஸ்டர். பேஸ் காலுக்கு ஒயரை நேராக இழுக்காமல் நடுவில் விரலை வைத்தால், தோல் வழியே போகிற துளி மின்சாரம் சில நூறு மடங்காகி எல்இடி எரியும். அவள் விரல் வைத்தாள், எரிந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு ஒயரைத் தொட்டார்கள், கொஞ்சம் மங்கலாக எரிந்தது. அம்மாவையும் நடுவில் சேர்த்தார்கள், அணைந்துவிட்டது.

"பாட்டிக்குள்ள கரண்ட் போகாதா மாமா?"

அம்மா பாத்திரம் கழுவிக் கழுவிக் காய்ந்து போன கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் குழாயில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எரிந்தது, ரொம்ப மங்கலாக.

பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டப்பாவைக் கிளறினாள். "மாமா, இதுல வர்ற கரண்டை இன்னொரு டிரான்சிஸ்டர் விரல்ல குடுத்தா?"

1953ல் பெல் லேபில் சிட்னி டார்லிங்டனுக்குத் தோன்றிய அதே யோசனை. நான் எதுவும் சொல்லவில்லை. டப்பாவில் இன்னும் நாலு இருந்தன.