ரிப்போர்ட் நார்மல், பாத எரிச்சல் மட்டும் போகவில்லை

நடுராத்திரியில் விரல்கள் மதமதத்து, கையை உதறிக்கொண்டே எழுந்திருப்பவரை நரம்பியல் மருத்துவர் நரம்பு கடத்தல் சோதனைக்கு அனுப்புவார். ‘கரண்ட் வைத்துப் பார்ப்பார்கள்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் வெளுத்துவிடும். மணிக்கட்டில் ஒரு முறை, முழங்கையில் ஒரு முறை, தோலின்மேல் சுருக்கென்று சிறு மின்துடிப்பு. கட்டைவிரல் தானாகத் துள்ளும். அதன் அடிச்சதையில் ஒட்டிய மின்முனை, துடிப்பு வந்து சேர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று குறித்துக்கொள்ளும். இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, நேர வித்தியாசத்தால் வகுத்தால் நரம்பின் வேகம் வந்துவிடும். கையில் அது சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேல். முன்கையில் வேகம் சரியாக இருந்து, மணிக்கட்டைத் தாண்டும்போது மட்டும் தாமதமானால் நரம்பு அங்கேதான் நசுங்குகிறது. கை சில்லிட்டிருந்தாலும் வேகம் குறையும் என்பதால், ஏ.சி. அறையில் கையைச் சூடாக்காமல் எடுத்த ரிப்போர்ட்டை அப்படியே நம்புவதற்கில்லை.

தசையைச் சோதிக்கும் இ.எம்.ஜி.யில் மெல்லிய ஊசி தசைக்குள் போகும். அதில் கரண்ட் கிடையாது. தசையின் சொந்த மின்சாரம் திரையில் அலையாகவும் ஸ்பீக்கரில் சத்தமாகவும் வரும். ஓய்விலிருக்கும் நல்ல தசை மௌனம். நரம்புத் தொடர்பு அறுந்த தசையோ தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சடசடக்கும். ஆனால் அந்தச் சத்தம் தொடங்கவே இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். டிஸ்க் நரம்பை அழுத்திய நான்காம் நாளே போய்ப் படுத்தால் ஊசிக்குத்து வாங்கியதுதான் மிச்சம்.

சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல் இன்னொரு சிக்கல். இந்தச் சோதனைகள் தடித்த நரம்பிழைகளையே அளக்கின்றன. எரிச்சலையும் வலியையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் பிடிபடுவதில்லை. ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், பாதம் எரியும். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டில் சொல்வது அநியாயம்.

மூளைக்கு இ.இ.ஜி. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929-ல் வெளியிட்டார். இதிலும் உடம்புக்குள் கரண்ட் செலுத்துவதில்லை. எண்ணெய் வைக்காத தலையோடு அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். அந்த அரை மணியில் மூளை சமர்த்தாக இருந்துவிட்டால், வலிப்பு நோய் உள்ளவருக்கும் நார்மல் என்றே வரலாம். முந்தைய இரவு தூக்கத்தைக் குறைக்கச் சொல்வதும், மூன்று நிமிடம் இழுத்து இழுத்து மூச்சுவிடச் சொல்வதும், கண்ணெதிரே விளக்கை மின்னவிடுவதும் ஒளிந்திருப்பதை வெளியே இழுக்கத்தான். அடுத்த முறை வலிப்பு வந்தால், ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். பல சமயம் ரிப்போர்ட்டைவிட அதைத்தான் மருத்துவர் உற்றுப் பார்ப்பார்.