சாயல் துறந்த சித்திரம்

"இதில் யாது உளது? கரித்துண்டு கிடைத்த சிறுவன் சுவரிற் கிறுக்கியதன்றோ இது?" நியூ யார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சிச்சாலையிலுள்ள சித்திரமொன்றின் நகலை யாம் காட்டியபொழுது நண்பர் ஒருவர் இங்ஙனம் கூறி நகைத்தார். அந்நகைப்புக்கு விடை தேடி எழுந்தது இக்கட்டுரை.

பீட் மோந்திரியான் என்னும் டச்சு ஓவியர் 1915-ஆம் ஆண்டில் கரியும் நீர்வண்ணமும் கொண்டு காகிதத்தில் வரைந்தது அச்சித்திரம். அதன் அகலம் ஏறக்குறைய 112 சென்டிமீட்டர், உயரம் 88. 'கடற்பாலமும் பெருங்கடலும் 5' என்பது பெயர். 'கடலும் விண்மீன் வானமும்' என்பது மறுபெயர்.

பாரிஸில் வாழ்ந்துவந்த அவ்வோவியர் 1914-ஆம் ஆண்டுக் கோடையில் தாய்நாடு சென்றார். அப்பொழுது முதல் உலகப் போர் மூண்டமையின், 1919 வரை மீள இயலாதவரானார். முன்னரே அவர் பழகியிருந்த டோம்பர்க் கடற்கரையே இச்சித்திரத்துக்குக் கருவாயிற்று.

நீள்வட்ட எல்லையினுள் சிறு கோடுகள் பல உள. கிடையாய்ச் சில, நெடுக்காய்ச் சில, ஒன்றையொன்று குறுக்கிட்டன சில. அலையின் வளைவு இல்லை. படகின் உருவம் இல்லை. ஆயினும் கீழே நடுவிடத்தில் நெடுங்கோடுகள் இணையாய் எழுந்து மேனோக்கிச் செல்வதைக் காண்க. அதுவே கடலுள் நீண்ட பாலம். இருமருங்கும் பரந்த கிடைக்கோடுகள் நீர்ப்பரப்பு. குறுக்கிட்ட கோடுகளை அந்நீரில் மின்னும் விண்மீனொளி எனக் கொள்ளலாம்.

செய்யுளை அலகிட்டுப் பயின்ற மாணவர்க்கு இம்முறை புதிதன்று. நேர், நிரை எனக் குறியிட்டபின் சொல்லும் பொருளும் மறைகின்றன. ஓசையின் ஒழுங்கு மட்டும் எஞ்சுகின்றது. அக்குறிகளிற் பாட்டின் முகம் இல்லை; எனினும் பாட்டின் நடை அவற்றிலே உளது. அங்ஙனமே மோந்திரியானும் கடலின் முகத்தை விடுத்து அதன் நடையை வரைந்தார்.

பின்னர் அவர் கடலையும் விடுத்தார். 1921-ஆம் ஆண்டளவில் கருங்கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் நிறங்களுமே அவர்தம் ஓவியங்களில் மேலோங்கின. அவற்றிற் பாலமெனச் சுட்டுதற்கு யாதும் இன்று. இச்சித்திரமோ இடைவழியில் நிற்பது. சாயலைத் துறந்தும் கடலைத் துறவாதது.

ஒன்றை மறையாது உரைத்தல் வேண்டும். பெயரை அறியுமுன் யாமும் அதனைக் கிறுக்கல் என்றே எண்ணினோம். ஆதலின் நண்பரை இகழ்ந்திலேம். அக்கீழ்நடுவிடத்தில் விரல் வைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கியிருந்து, "பாலம் எவ்வளவு தூரம் போகின்றது?" என வினவினார்.