பாறைக்கும் வயதாகும்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நம்மில் பலருக்கு, கர்ஜத் என்றதும் வடா பாவ்தான் ஞாபகம் வரும். அங்கேதான் ரயிலின் பின்னால் கூடுதல் எஞ்சின்களைக் கோத்து, 37 அடிக்கு 1 அடி ஏறும் போர் காட் மலைப்பாதையில் தள்ளிவிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் அப்படிப் போகும்போது என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, மலைக்கு எதுக்குக் கம்பி வலை? ஓடியா போயிடும்?"

ஓடாது. ஆனால் விழும். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1987 மே மாதம். மழைக்கு முன் ஆட்டம் கண்ட பாறைகளைத் தேடித் தள்ளிவிடும் வேலை. கயிற்றில் தொங்கியபடி கேங்மேன்கள் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார்கள். பீரோ அளவு பாறை ஒன்றைத் தட்டிய மராட்டிய மேட், "போகள் ஆஹே, சாஹேப்" என்றார். உள்ளே பொள்ளல் என்று அர்த்தம். எனக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. டிப்ளமா படித்தவன் என்ற நினைப்பு வேறு. "கெட்டியாத்தான் இருக்கு, அடுத்ததைப் பாருங்க" என்றேன்.

ஜூலை மாதம் ஒரு நள்ளிரவில் அது தண்டவாளத்தில் வந்து உட்கார்ந்தது. லாந்தரோடு ரோந்து வந்தவர் பார்த்துவிட்டு, தண்டவாளத்தில் பட்டாசு வைத்து ஒரு கூட்ஸ் வண்டியை நிறுத்தினார். காலையில் போய்ப் பார்த்தேன். பாறை இருந்த இடத்தில் மஞ்சள் களிமண். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது.

கல் எப்படிக் களிமண் ஆயிற்று? பாறை மூன்று விதமாகச் சிதைகிறது.

முதலாவது பௌதிகச் சிதைவு. பாறை உடையும், அதன் பொருள் மாறாது. லடாக் போன்ற இடங்களில் விரிசலில் புகுந்த நீர் உறையும்போது 9 சதவிகிதம் பருத்து, ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும்.

இரண்டாவது உயிரினச் சிதைவு. அரச மரத்து வேர் பாலத்துச் சுவரைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலும் அதே கதைதான்.

மூன்றாவது இரசாயனச் சிதைவு. போர் காட்டில் முக்கியக் குற்றவாளி இதுதான். இங்குள்ள பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட். குழம்பு ஆறிச் சுருங்கியபோதே அதில் வெடிப்புகள் விழுந்துவிட்டன. லோனாவ்லா பக்கத்தில் வருடத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னை மழையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி வெடிப்புகளில் இறங்குகிறது. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் களிமண் ஆகிறது, இரும்பு துருவாகிறது.

வெடிப்புகளுக்கு நடுவே இருக்கும் கல்லை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பில் இரண்டு பக்கத்திலிருந்தும், மூலையில் மூன்று பக்கத்திலிருந்தும் நீர் தாக்கும். அதனால் மூலைகள் முதலில் கரைந்து, பெட்டி பந்தாகிவிடும். சுற்றிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக மக்கும். நடுக்கல் மட்டும் கெட்டியாக, மெத்துமெத்தென்ற மண்ணில் உட்கார்ந்திருக்கும். அந்த மண்ணை மழை அரித்ததும் கல் உருளும். வெளியே பார்த்த என் கண்ணுக்குத் தெரியாதது, தட்டிக் கேட்ட மேட்டின் காதுக்குத் தெரிந்தது இதனால்தான்.

எல்லா இரவுகளும் என் இரவுபோல் முடிவதில்லை. 2003 ஜூனில் கொங்கண் பாதையில் வைபவ்வாடி அருகே, சரிந்து விழுந்த பாறைகளில் ரயில் மோதி ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். இப்போது வலை, பாறையைத் துளைத்து இறுக்கும் இரும்புக் கம்பி, மழைநீர் வடிகால் எல்லாம் வந்துவிட்டன. மழைக்காலத்தில் கொங்கண் பாதையில் ரயில்கள் வேகத்தைக் குறைத்துத்தான் ஓடுகின்றன.

சிதைவை நிறுத்த எந்த இன்ஜினீயராலும் முடியாது. விழப்போகும் கல்லை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் முடியும். அடுத்த முறை மழையில் ரயில் ஊர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே, கொட்டும் மழையில் ஒருவர் நனைந்தபடி நடந்துகொண்டிருப்பார். குழந்தைகளுக்கு அவரைக் காட்டுங்கள்.

அந்த மேட்டிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சுத்தியலை என் கையில் கொடுத்தார். அதன்பின் ஓய்வு பெறும்வரை, தட்டிப் பார்க்காமல் எந்தப் பாறையையும் நான் கெட்டி என்று சொன்னதில்லை.