பாஸ்மாரைத் தேடுகிறோம், வைத்துக்கொள்ளத் தெரிகிறதா?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இன்று வீடு கட்ட நினைப்பவருக்குச் சீமெந்தை விட அரிதாகக் கிடைப்பது நல்ல மேசன் பாஸ்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் கட்டட வேலைகள் படுத்துவிட்டன. அந்த ஒரே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் தேடி வெளிநாடு சென்றார்கள். பிறகு 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. மண்சரிவில் போன வீடுகளைத் திரும்பக் கட்ட வேண்டும். வேலை இருக்கிறது, கை தேர்ந்த ஆள் இல்லை.

இதில் நமது தவறும் உண்டு. நான் ஹார்ட்வெயார் கடையோடு சிறு ஒப்பந்த வேலைகளும் செய்பவன். சில வருடங்களுக்கு முன் தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு பையனைக் கையாளாகச் சேர்த்தேன். கலவை சுமந்தவன் நான்கு வருடத்தில் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பவும் டைல் பதிக்கவும் தேறிவிட்டான். ஒருநாள் கொழும்புக்குப் போவதாகச் சொன்னான். கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றேன்.

"கூலி அங்கேயும் இதேதான் முதலாளி. அங்க ஈ.பி.எஃப். கட்டுறாங்க. அம்மாவுக்குத் தோட்டத்துல அது இருக்கு, எனக்கு இல்லையே" என்றான்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கொழுந்து பறிக்கும் தாய்க்குள்ள பாதுகாப்பைத் தொழில் கற்ற மகனுக்கு நான் கொடுக்கவில்லை.

நாட்கூலிக்காரருக்குச் சேமலாப நிதி தேவையில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. 1958ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக ஊழியரையும் சேர்த்தே பேசுகிறது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். மாதம் 60,000 ரூபாய் உழைப்பவருக்கு நம் கையிலிருந்து போவது 9,000 ரூபாய். பாதியில் நின்ற வேலையால் வரும் நட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சான்றிதழ். அனுபவத்தால் தொழில் கற்றவர் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் அவரது வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்குகின்றன. "சான்றிதழ் கிடைத்தால் கட்டாருக்குப் பறந்துவிடுவான்" என்று பயப்படுகிறோம். போக நினைத்தவன் எப்படியும் போவான். சான்றிதழ் இல்லாமல் போனால் கூலியாளாகப் போவான், இருந்தால் பாஸாகப் போவான். வாழ வழி காட்டிய முதலாளியிடம்தான் தன் தம்பியையும் அனுப்பி வைப்பான்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் வெளிவேலை அடிக்கடி நிற்கும். வருமானமில்லாத அந்த நாட்களில்தான் பலர் நம்மை விட்டுப் போகிறார்கள். பூச்சு, டைல், வயரிங், பைப் போன்ற உள்வேலைகளை அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வைக்கலாம். மூத்த பாஸோடு ஒரு இளைஞனைச் சேர்த்துவிட்டால் அதுவே பயிற்சியும் ஆகும். கற்றுக் கொடுக்கும் பாஸுக்குச் சிறு மேலதிகக் கொடுப்பனவு கொடுங்கள். இல்லாவிட்டால் தன் இடத்தைப் பிடிக்க வந்தவனாகவே அவனைப் பார்ப்பார்.

கூலியைத் தாமதிக்காதே என்பது நமக்குப் புதிய பாடமல்ல. சனிக்கிழமை மாலை பணத்துக்காகக் கடை வாசலில் காத்து நிற்க வைக்கப்பட்ட பாஸ், திங்கட்கிழமை காலை வேறொருவரின் வேலைத்தளத்தில் நிற்பார்.