எட்டில் எத்தனை பங்கு மேகம்?

மேகங்களில் 10 இனம் உண்டு. விமான நிலையத்தின் வானிலை அறிக்கையான மெட்டார் இவை எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுவதில்லை. இடிமேகத்தை 'சிபி' என்றும், கோபுரமாக வளரும் குவிமேகத்தை 'டிசியு' என்றும் குறிக்கும். மற்றவற்றுக்கு அளவும் உயரமும் மட்டுமே.

அளவு: வானத்தை 8 பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு ஓர் ஆக்டா.

1–2 பங்கு: ஃப்யூ
3–4 பங்கு: ஸ்கேட்டர்ட்
5–7 பங்கு: புரோக்கன்
8 பங்கு: ஓவர்காஸ்ட்

உயரம்: மூன்று இலக்கம், அலகு 100 அடி. 018 என்றால் ஓடுபாதை மட்டத்திலிருந்து 1,800 அடி.

சென்னைக்கு ஐப்பசி மழைக்காலத்தில் ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1030இசட், 3000, டிஎஸ்ஆர்ஏ, ஸ்கேட்டர்ட்018, ஃப்யூ025சிபி, ஓவர்காஸ்ட்080. பிரித்துப் படித்தால்: உலகப் பொது நேரம் (இசட்) 10:30, நம் நேரம் மாலை 4 மணி. பார்வைத் தூரம் 3,000 மீட்டர். இடியுடன் மழை. 1,800 அடியில் வானத்தில் பாதி வரை மேகம். 2,500 அடியில் 1–2 பங்கு இடிமேகம். 8,000 அடியில் வானம் முழுக்க மூடல்.

இதில் எது விமானத்துக்கு எரிபொருள் செலவு வைக்கும்?

8,000 அடி மூடல்: கூடுதல் செலவு அநேகமாக இல்லை. கருவி வழிகாட்டலில் இறங்கும் சாதாரண ஐஎல்எஸ் முதல் வகை இறக்கத்துக்கு 200 அடி உயரத்தில் ஓடுபாதை விளக்கு தெரிந்தால் போதும்.

1–2 பங்கு சிபி: இங்குதான் பற்று ஏறுகிறது. கடும் இடிமேகத்திலிருந்து 20 மைலாவது விலகியிருங்கள் என்பது விமானிகளுக்கான அறிவுரை. 10 மைல் அகல மேகம் ஒன்று, இரு பக்கமும் 20 சேர, 50 மைல் வானத்தை அடைத்துவிடும். அது ஓடுபாதைக்கு மேலேயே நின்றால் வட்டமடிக்க வேண்டும். ஏ320 விமானம் அரை மணி வட்டமடித்தால் சுமார் 1 டன் எரிபொருள் போகும். மேகம் விலகவில்லை என்றால் பெங்களூருக்குத் திருப்ப வேண்டும். வான்வழியில் சுமார் 270 கி.மீ. அங்கே போய்ச் சேரும்போதும் 30 நிமிட இறுதி இருப்பு டாங்கியில் மிஞ்ச வேண்டும்.

ஆக, எட்டுப் பங்கு மூடிய வானத்துக்குச் செலவில்லை. இரண்டு பங்கு இடிமேகத்துக்கு டன் கணக்கில் செலவு. எரிபொருள் கணக்குப் போடுபவர் ஆக்டாவைப் பார்க்கும் முன் சிபியைத் தேடுவது இதனால்தான்.