பால் கக்கும் பச்சிளங் குழந்தை

மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலே, வயலும் குளமும் காடும் சூழ அமைந்துள்ளது செட்டிகுளம். அப்பகுதிக் கிராமங்களில், பிள்ளை பெற்ற வீட்டிலே முதல் மாதத்திற்குள் எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. வேறெந்த ஊரிலும் அது எழாமல் இருப்பதில்லை. முலைப்பால் அருந்திய குழந்தை சிறிது நேரத்தில் அதைக் கக்கிவிடுகின்றது. தாயின் தோளிலே கிடந்த சீலை நனைந்து போகின்றது. “குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிட்டதே, பிள்ளையின் உடம்பில் என்ன ஒட்டும்?” என்று அம்மம்மா கவலைப்படுகின்றார். “தாய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லைப் போலும்” என்று அயலவர் ஒருவர் சொல்லி வைக்கின்றார். அந்த ஒரு சொல்லினால் விளையக்கூடிய தீங்கு, பால் கக்குதலினால் விளையும் தீங்கிலும் பன்மடங்கு பெரியது.

முதலில், குழந்தை ஏன் கக்குகின்றது என்பதைப் பார்க்கலாம். உணவுக் குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசையொன்று உண்டு. குளத்துத் துருசின் கதவு நீரை மறித்து வைப்பதுபோல, உண்ட உணவு மேலே திரும்பாதவாறு மறிப்பது இத்தசையின் வேலை. பெரியவர்களில் இது இறுக்கமாக மூடிக்கொள்ளும். பிறந்த குழந்தையிலோ இது இன்னும் பக்குவம் அடையாமல் அடிக்கடி நெகிழ்ந்து கொடுக்கின்றது. குழந்தையின் உணவு முழுவதும் நீராகாரம். பெரும்பொழுது அது படுத்தே கிடக்கின்றது. இரைப்பையும் மிகச் சிறியது. பிறந்த அன்று ஒரு முறைக்கு ஓரிரு தேக்கரண்டிச் சீம்பாலே அதற்குப் போதும். பத்து நாள் அளவில் 50, 60 மில்லிலீற்றர் வரை கொள்ளும். பாலோடு காற்றையும் விழுங்கிவிட்டால், அக்காற்று மேலே வரும்போது சிறிது பாலையும் இழுத்துக்கொண்டு வருவது இயல்பே.

முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நாளுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு கக்குகின்றன. நான்காம் மாத அளவில் இது உச்சம் பெற்றுப் பின்னர் குறைந்துவிடும். “கக்கின பிள்ளை தக்கும்” என்ற பழமொழியைச் சொல்லி வைத்தவர்கள் இதனை அனுபவத்திலே கண்டவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

கக்கிய பால் சில வேளைகளில் தயிர்போலத் திரைந்திருக்கும். பால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. இரைப்பைக்குள் சென்ற எந்தப் பாலும் அமிலம் பட்டுத் திரைந்தே தீரும். அளவைப்பற்றிய அச்சமும் பெரும்பாலும் கண்ணின் மயக்கமே. ஒரு தேக்கரண்டிப் பாலை எடுத்து ஒரு சீலையின்மேல் ஊற்றிப் பார்த்தால், அது எவ்வளவு தூரம் பரவுகின்றது என்பது தெரியவரும். சில நேரங்களில் கக்கிய பாலிலே இளஞ்சிவப்பாக இரத்தக் கீறல் காணப்படுவதுண்டு. தாயின் முலைக்காம்பு வெடித்திருந்து, அதிலிருந்து கசிந்த குருதியைக் குழந்தை விழுங்கியிருக்கக்கூடும். ஆயினும் இரத்தத்தைக் கண்டபின் வீட்டிலிருந்தபடியே முடிவு செய்வது தகாது. வைத்தியரே அதைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

இனி, மேலே சொன்ன தீங்கைப்பற்றி. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்ற எண்ணம் வந்ததும் பலர் நாடுவது தகரத்தில் அடைத்த மாப்பாலை. மாப்பால் குடிக்கும் குழந்தையும் கக்கவே செய்யும். தாய்ப்பாலைப்போல அது இரைப்பையை விட்டு விரைவாக இறங்குவதுமில்லை. அதைக் கரைப்பதற்கு வேண்டிய நீரோ உலர் வலயத்திலே பெரும் பிரச்சினை. கிருமிகள் கொதியிலே சாகும். ஆனால் நீரிலுள்ள உவர்ப்பும் புளோரைட்டும் கொதிக்க வைப்பதால் அகலமாட்டா. செட்டிகுளத்திற்கு அண்மையிலுள்ள மெனிக் பாம் முகாம்களில் 2009ஆம் ஆண்டு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தனர். 2012 செப்ரெம்பரிலேதான் அவை முற்றாக மூடப்பட்டன. குடிநீருக்காக வரிசையில் நின்ற அந்நாட்களை அப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். நீர் தேடவேண்டாத, அடுப்பு மூட்டவேண்டாத, புட்டி கழுவவேண்டாத உணவு எது என்பதை அத்தகைய இடத்திலே இருந்த தாய்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மாப்பால் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை உலக சுகாதார மன்றம் 1981இல் ஏற்றுக்கொண்டது. இலங்கை தனது சொந்தக் கோவையை 1983இலேயே வகுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். ஒரு நாடு பெருமைப்படத்தக்க கணக்கு இது. எனினும் நனைந்த தோட்சீலை ஒன்றைக் கண்டு அஞ்சிய வீட்டில், இந்தக் கணக்கு தாயின் காதில் ஏறுமா என்பது வேறு விடயம்.

சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், ஓமத் தண்ணீர், வசம்பு உரைத்த நீர் ஆகியவற்றையும் ஆறு மாதம் வரை விலக்கவேண்டும். சிறிய வயிற்றிலே இவை பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வசம்பில் நச்சுப் பொருளும் உண்டு. ஒரு வயதுக்கு முன் தேனை நாவில் தடவுவதும் ஆபத்து. அதிலே சில வேளை இருக்கக்கூடிய கிருமி வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

அப்படியாயின் தாய் செய்யத்தக்கது என்ன? அழுது களைக்கும் வரை காத்திராமல், குழந்தை வாயைத் திறந்து முலையைத் தேடத் தொடங்கும்போதே பாலூட்டவேண்டும். அழுத பிள்ளை காற்றையும் சேர்த்தே விழுங்கும். காம்பு மட்டுமன்றி, அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் இருத்தல் அவசியம். சில தாய்மாருக்குப் பால் பீறிட்டுப் பாயும். குழந்தை திணறும், இருமும், முலையை விட்டுத் தலையைத் திருப்பும். அப்போது குழந்தையைச் சற்று விலக்கி, முதற் பாய்ச்சலை ஒரு சீலையில் வடிய விட்டுப் பின்னர் ஊட்டலாம். தாய் பின்புறமாகச் சாய்ந்துகொண்டு குழந்தையைத் தன் மார்பின்மேல் கிடத்தி ஊட்டினாலும் பாய்ச்சலின் வேகம் தணியும். ஒரு பக்கத்துப் பாலை நன்றாகக் குடித்து முடித்த பின்னரே மறுபக்கம் மாற்றவேண்டும்.

ஊட்டியபின் குழந்தையைத் தோளிற் சாய்த்து முதுகை மெல்லத் தடவினால் ஏவறை வரும். வராவிட்டாற் பாதகமில்லை. ஏவறை வந்தே ஆகவேண்டும் என்று அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பிள்ளையின் நித்திரையைக் கெடுப்பதுதான் மிச்சம். இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருப்பது போதும். ஊட்டிய கையோடு ஏணையில் இட்டு ஆட்டினால், ஏணைச் சீலையின் வளைவிலே வயிறு மடங்கி அழுத்தப்படும். பால் மேலே வருவது அதனால் கூடும். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டுவதும் அத்தகையதே.

கக்கும் பிள்ளையை எப்படி உறங்க வைப்பது? மல்லாக்கக் கிடத்தினால் மூச்சடைத்துவிடும் என்று அஞ்சிக் குப்புறக் கிடத்துவோர் பலர். மேலைநாட்டு வைத்தியர்களே ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னதுண்டு. குப்புறப் படுத்த குழந்தைகளே உறக்கத்தில் திடீரெனக் கூடுதலாக இறப்பது பின்னர் கண்டறியப்பட்டது. 1991இல் பிரித்தானியாவிலும் 1992இல் அமெரிக்காவிலும் அறிவுரை மாறியது. அத்தகைய மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மல்லாந்து கிடந்ததால் பால் புரையேறி இறந்த குழந்தைகளின் தொகையோ கூடவில்லை. காரணம் எளிது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக் குழாய் மேலேயும் உணவுக் குழாய் கீழேயும் அமைகின்றன. மேலெழுந்து மூச்சுக் குழாய்க்குள் புகுவது பாலுக்கு எளிதன்று. ஆகவே கக்கும் பிள்ளையையும் சமதளமான, உறுதியான படுக்கையிலே, தலையணை இன்றி மல்லாக்கவே கிடத்தவேண்டும்.

இதுவரை சொன்னது கக்குதலைப்பற்றி. சத்தி என்பது வேறு. கக்கும் குழந்தைக்கு நோவு இல்லை. கக்கிவிட்டுச் சிரிக்கும், திரும்பக் குடிக்கும். பச்சை நிறமாகச் சத்தி எடுத்தால், குடலிலே அடைப்பு இருக்கக்கூடும் என்று கொண்டு அந்த நாழிகையே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இரண்டாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில், ஒவ்வொரு முறை ஊட்டிய பின்பும் பால் எட்ட விழும்படி பீறிட்டு வெளியேறி, குழந்தை உடனே பசியால் அழுமாயின், இரைப்பையின் கீழ்வாயில் தசை தடித்து வழியை மறிக்கின்றது என்று ஐயுறலாம். ஆண் குழந்தைகளிலேயே இது மிகுதி. இதனைத் தீர்க்கும் சத்திரசிகிச்சையை ஜேர்மானிய வைத்தியர் கொன்ராட் ராம்ஸ்டெட் 1912இல் விளக்கினார். அதற்கு முன் பெரும்பாலும் மரணத்தில் முடிந்த நோய், இன்று ஒரு சிறிய சத்திரசிகிச்சையுடன் தீர்கின்றது. காய்ச்சல் 100.4 பாகைக்கு ஏறுதல், வயிறு ஊதி இறுகுதல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், மூச்சுத் திணறல், சத்தியில் குருதி என்பனவும் விடியும் வரை காத்திருக்கக்கூடியவை அல்ல. செட்டிகுளப் பகுதியின் உட்கிராமங்களில் இரவிலே யானைக்கு அஞ்சி வெளிக்கிடத் தயங்குவோர், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும் என்பதை நினைவில் வைத்திருத்தல் நன்று.

இவை எதுவும் இல்லாதபோது, கக்குதல் நோயா அன்றா என்பதைத் தீர்மானிப்பது நிறையே. பிறந்த முதற் சில நாட்களில் குழந்தை தன் நிறையிலே நூற்றுக்கு ஏழு, சில வேளை பத்துப் பங்கு வரை இழக்கும். இரண்டு வாரத்துக்குள் அது மீண்டுவிடும். அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடவேண்டும். ஐந்தாம் நாளின் பின் ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் போதுமான அளவு கிடைக்கின்றது. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பயனாக, குடும்ப நல உத்தியோகத்தர் முதற் பத்து நாட்களுக்குள் இருமுறை வீடு தேடி வருகின்றார். அவர் வரும்போது, ஒரு நாளில் எத்தனை முறை கக்கியது, என்ன நிறத்தில், எத்தனை துணி நனைந்தது என்று தாய் சொல்லவேண்டும். அவர் முன்னிலையிலேயே ஒருமுறை பாலூட்டிக் காட்டினால், பிடிக்கும் முறையிலுள்ள குறையை அவர் அங்கேயே திருத்திவிடுவார். சுகாதாரப் பதிவேட்டிலுள்ள நிறைக் கோடு மேல்நோக்கிச் செல்லுமானால், தாய்க்கு வேண்டியது இன்னும் சில தோட்சீலைகள் மாத்திரமே. பிள்ளை எழுந்து உட்காரப் பழகிச் சோறும் பருப்பும் உண்ணும் காலத்தில் கக்குதல் தானே அருகிப்போகும். ஒரு வயதாகும்போது பெரும்பாலான குழந்தைகளில் அது நின்றிருக்கும்.