திரும்பி வரும் சரக்கு

விற்பனைக்குச் சென்ற துணி திரும்பி வந்தால், அதை அவமானமாகக் கருதி மூலையில் போட்டுவிடும் வழக்கம் நம் சங்கங்கள் சிலவற்றில் உண்டு. நாம் தணிக்கை செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில், திரும்பிய சேலைகளும் வேட்டிகளும் கிடங்கில் மூட்டையாகவே கிடந்தன. மடிப்புகளில் சாயம் வெளுத்திருந்தது. சிலவற்றை எலி கடித்திருந்தது. ஆயினும் இருப்புப் புத்தகத்தில் அவை முழு விலைக்கே காட்டப்பட்டிருந்தன. உண்மை மதிப்பைக் கணக்கிட்டதும் ஏட்டிலிருந்த லாபம் நஷ்டமாயிற்று. அங்கத்தினர் எதிர்பார்த்த போனஸ் கிட்டவில்லை.

திரும்பிய சரக்கும் மூலப்பொருளே. இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த பாட்லி என்னும் ஊரில், 1813-ஆம் ஆண்டில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்து, புதுக் கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையை வகுத்தார். இத்தாலியின் பிராட்டோ நகரும், ஹரியானாவின் பானிப்பட்டும் இத்தொழிலில் பெயர் பெற்றவை. கந்தலை முதலிலேயே நிறவாரியாகப் பிரிப்பதால் சாயச் செலவு மிச்சமாகிறது. திருப்பூர் வட்டாரத்தில் பனியன் வெட்டுத் துண்டுகளும் இவ்வாறே நூலாகின்றன.

ஆனால் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். முரட்டு நூலே கிடைக்கும். நெய்தவரின் உழைப்பும் அத்துடன் அழியும். ஆகவே இது கடைசி வழி என்பதை மறத்தலாகாது.

முதலாவதாக, துணி திரும்பிய அன்றே பிரித்துப் பார்த்தல் வேண்டும். குறையில்லாததை உடனே மறு விற்பனைக்கு அனுப்பலாம். கறை பட்டதை வெளுக்கலாம். இழை விட்டதை ஊசியால் ஓட்டிச் சரிசெய்யலாம். நிறம் மங்கியதற்கு அடர்ந்த சாயம் ஏற்றலாம். கிழிந்ததில் நல்ல பகுதியை வெட்டித் தலையணை உறையாகவோ கைக்குட்டையாகவோ தைக்கலாம். எஞ்சியதே ஆலைக்குரியது. விவசாயிகளின் கோணிப்பைகளுக்கும் இம்முறை பொருந்தும்: தைத்தால் மீளும் பையைக் கழிவு விலைக்குத் தள்ளலாகாது.

இரண்டாவதாக, தனிப் பதிவேடு ஒன்று தேவை. தேதி, அனுப்பிய கடை, நெய்தவர், சாயமிட்ட தொகுதி, திரும்பிய காரணம் ஆகியவற்றை அதில் குறித்தல் வேண்டும். ஒரே சாயத் தொகுதியைச் சேர்ந்த துணிகள் பல நெசவாளரிடமிருந்து வந்தும் ஒரே குறையுடன் திரும்பினால், பிழை பெரும்பாலும் சாயச்சாலையில்தான் இருக்கும். பதிவேடு இல்லாத சங்கத்திலோ, நெசவாளியின் கூலியிலன்றோ கை வைக்கிறார்கள்!

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "திரும்பிய சரக்கு எவ்வளவு? அதன் இன்றைய மதிப்பு என்ன?" விடை கிடைக்கும்வரை லாபக் கணக்கை நம்ப வேண்டாம்.